மாதம் மிஞ்சுகிறது, வருஷம் மிஞ்சவில்லை

“மாசாமாசம் ஏதோ கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யுது. ஆனா வருஷக் கடைசியில பார்த்தா கையில ஒண்ணுமே இல்ல.” சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பணப் பேச்சை எடுத்தால் இந்தப் புலம்பல் எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும். புலம்புகிறவர்கள் ஊதாரிகள் இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கைத்தொலைபேசியில் செயலி வைத்துச் செலவு எழுதுகிறார்கள். எண்ணெய் எந்த வாரம் தள்ளுபடியில் வருகிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். அவர்களது மாதக் கணக்கை வாங்கிக் கூட்டிப் பார்த்தால் கூட்டலில் பிழை இருக்காது. மாதம் மிஞ்சுவதும் உண்மை, வருஷம் மிஞ்சாததும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்கின்றன என்ற கேள்வி விடாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, “செலவை எழுதி வை, தேவையில்லாததைக் குறை” என்பது. எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் எழுதியது போன மாதத்தை மட்டுமே காட்டும். போன மாதத்தில் தீபாவளி வரவில்லை, விமானச் சீட்டு வாங்கவில்லை, காப்புறுதிச் சந்தா கட்டவில்லை என்றால் அவை எதுவும் அந்தக் கணக்கில் தலைகாட்டாது. வருகிற மாதங்களும் அப்படியேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் புதிய தவணைகளில் கையெழுத்துப் போடுகின்றன. குறைக்கச் சொல்லும் அறிவுரையும் பெரும்பாலும் சில்லறையிலேயே நின்றுவிடுகிறது. காப்பிக்கடைத் தேநீரை நிறுத்தச் சொல்பவர்கள் டிசம்பர் விமானச் சீட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

காகிதத்தில் ஒரு குடும்பம்

கணக்கு பிடிபட ஒரு குடும்பத்தைக் காகிதத்தில் நிறுத்திப் பார்ப்போம். செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கணவருக்கு மாதச் சம்பளம் 5,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மனைவிக்கு 3,800. இருவருக்கும் நாற்பதை நெருங்கும் வயது. ஊழியர் பங்காக 20 விழுக்காடு, கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குப் போனபின் 4,400, 3,040. இந்தியர் மேம்பாட்டுக்கான சிண்டா அமைப்பின் சந்தா அவருக்கு 9, மனைவிக்கு 7. ஆக, வங்கிக்கு வருவது 4,391, 3,033. இரண்டும் சேர்ந்து 7,424 வெள்ளி. வீட்டுக் கடன் தவணை 1,500 சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்தே போய்விடுகிறது.

மாதச் செலவு இப்படி இருக்கலாம். பெற்றோருக்கு 600, மளிகையும் காய்கறியும் 1,000, வெளிச்சாப்பாடு 700, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 220, நகர மன்றத்துக்கு 75, தொலைபேசியும் இணையமும் 120, போக்குவரத்து 350, சின்னப் பிள்ளையின் மாணவர் பராமரிப்பு நிலையம் 320, துணைப்பாட வகுப்புகள் 500, பிள்ளைகளின் கைச்செலவு 120, கணவன் மனைவிக்குத் தலா 200, வீட்டுச் சில்லறை 200. மொத்தம் 4,605. மிச்சம் 2,819 வெள்ளி. உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இந்த வரிகளில் ஏமாற்றக்கூடியது பயனீட்டுக் கட்டணம். ஸ்மார்ட் மீட்டர் வராத வீடுகளில் மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் படிப்பார்கள். இடைப்பட்ட மாதத்தின் ரசீது உத்தேசம். அரசாங்கத்தின் யு-சேவ் பயனீட்டுத் தள்ளுபடி பெறும் வீடாக இருந்தால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் கட்டணம் தரைக்கு இறங்கிவிடும். நகர மன்றக் கட்டணத் தள்ளுபடியும் அதே மாதங்களில்தான் வருகிறது. அந்த மாதத்து ரசீதைப் பார்த்துத் திட்டத்தில் தொகையை எழுதினால் அடுத்த இரண்டு மாதமும் உதைக்கும். மின்கட்டண விகிதமும் காலாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. அதனால் கடைசி 12 ரசீதுகளையும் தள்ளுபடிக்கு முந்தைய தொகையில் கூட்டி, 12ஆல் வகுத்து வரும் தொகையைப் போடுங்கள். தள்ளுபடி வரும்போது அது எங்கே போக வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி, மாதக் கணக்கில் ஏறாமல் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வரும் செலவுகள். இதே குடும்பத்துக்கு உத்தேசமாக எழுதிப் பார்த்தால்: டிசம்பரில் ஊருக்குப் போக நாலு பேருக்கும் விமானச் சீட்டு 2,600, அங்கே போய் ஆகும் செலவும் வாங்கிப் போகும் சாமான்களும் 2,400. இருவரது காப்புறுதிச் சந்தா 2,400. தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு உறை எல்லாமாக 1,200. வருமான வரி 1,200. ஜூன் விடுமுறையில் மலேசியா 1,200. வீட்டுப் பழுதும் சாதனங்களும் 1,000. கைத்தொலைபேசி மாற்ற 900. பல் மருத்துவர், மூக்குக்கண்ணாடி 800. கல்யாணம், காதுகுத்து, புதுமனை, கோயில் 800. பிறந்தநாள்கள் 600. புதுப் பள்ளியாண்டுக்குப் புத்தகம், சீருடை, காலணி 500. குளிரூட்டியைச் சுத்தம் செய்ய நாலு முறைக்கு 360. சொத்து வரி 120. கூட்டினால் 16,080 வெள்ளி. 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,340.

ஆக, மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிந்த 2,819இல் 1,340 முன்பே செலவாகிவிட்ட பணம். உண்மையான மிச்சம் 1,479.

அந்த 2,819ஐ நம்பி அந்தக் குடும்பம் என்ன செய்கிறது? சேமிப்புடன் சேர்ந்த காப்புறுதித் திட்டம் ஒன்றில் மாதம் 800 கட்ட ஒப்புக்கொள்கிறது. வீட்டுப் புதுப்பிப்புக் கடனுக்கு 700. மாதாந்தர முதலீட்டுத் திட்டத்துக்கு 500. மொத்தம் 2,000. “இன்னும் 819 மிஞ்சுதே” என்ற திருப்தியும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பொறுப்பான முடிவுதான். ஆனால் உண்மையில் மாதம் 521 துண்டு விழுகிறது. வருஷத்துக்கு 6,252. சிக்கனமான குடும்பமே கடன்பற்று அட்டையில் மாட்டிக்கொள்ளும் வழி இதுதான்.

13ஆவது மாதச் சம்பளம் மறைப்பது

இந்தத் துண்டு உடனே வெளியே தெரிந்தால் சரிசெய்துவிடலாம். தெரியாமல் போவதற்குக் காரணம் ஆண்டிறுதியில் வரும் 13ஆவது மாதச் சம்பளம். கணவரின் நிறுவனம் மட்டும் அதைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,500இல் சேமநிதி போக 4,400 கைக்கு வரும். 6,252இல் 4,400 அடைபட்டுவிடும். மீதி 1,852 மட்டும் அட்டையில் நிற்கும். “டிசம்பர்ல கொஞ்சம் கூடப் போயிடுச்சு” என்று சொல்லிக்கொள்ள அது பொருத்தமான தொகை. அடுத்த வருஷமும் அதே அளவு சேரும். நிறுவனம் ஒரு வருஷம் அந்தச் சம்பளத்தைத் தராமல் விட்டால் முழுத் துண்டும் ஒரே நாளில் முகத்தில் அடிக்கும். 13ஆவது மாதச் சம்பளம் தருவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. போனஸும் அப்படியே.

தொகையைவிட முக்கியமானது தேதி. இதைக் கவனிக்காததால்தான் நன்றாகப் போட்ட திட்டங்களும் உடைகின்றன. வருஷச் செலவுகளை எந்தெந்த மாதத்தில் விழுகின்றன என்று எழுதிப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் ஜனவரி முதல் ஜூன் வரை 6,100. ஜூலை முதல் டிசம்பர் வரை 9,980. பின்பாதிதான் கனம். அதிலும் ஆகஸ்டு மாதம் தனி ரகம். மனைவியின் காப்புறுதிச் சந்தா 1,200 அந்த மாதத்தில் வருகிறது. டிசம்பர் சீட்டையும் அப்போதே வாங்கியாக வேண்டும். நவம்பர் பாதிக்குமேல் பள்ளி விடுமுறை தொடங்குகிறது, ஜனவரி தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடுகிறது. சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் அந்த ஆறு வாரத்துக்குள்தான் போய்வர வேண்டும் என்பதால் தாமதித்தால் விலை ஏறுகிறது. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குத் தனி இருக்கை வேறு. ஆக 2,600 அங்கே. ஒரே மாதத்தில் 3,800 வெள்ளி. மாதம் 819 மிஞ்சும் வீட்டில் அதற்குப் பணம் ஏது? அட்டையில்தான் போடுவார்கள்.

ஆகஸ்டு ரசீது செப்டம்பரில் வரும். செப்டம்பரில் கைத்தொலைபேசி, பிறகு தீபாவளி, பிறகு பள்ளிப் புத்தகங்கள். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அது அக்டோபரில் விழும் வருஷங்களில் இரண்டு செலவுகளுக்கு நடுவே மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்காது. நவம்பர் முடிவில் அந்தக் குடும்பத்தின் பின்பாதித் துண்டு மட்டும் 3,185 வெள்ளி. அடைக்கப்போகும் பணமோ டிசம்பரில்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் முழுத் தொகையைக் கட்ட முடியாமல் ஒரு பகுதியை மட்டும் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் மீதிக்கு மட்டும் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கி ஒன்று நின்றுவிட்டால் புதிதாக அட்டையில் வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அடுத்த மாத மளிகைக்கும் வட்டி, பேருந்துக் கட்டணத்துக்கும் வட்டி. விகிதம் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல். குறைந்தபட்சத் தொகையாக அட்டை அறிக்கையில் போட்டிருப்பது பொதுவாக 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி. அதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்.

தேக்கா பக்கத்து அடகுக்கடையை ஏளனமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற அடகுக்கடை மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தராது. மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. தேதி தெரிந்த, இரண்டு மூன்று மாதத்தில் அடைக்கக்கூடிய பள்ளத்துக்கு அட்டைப் பாக்கியைவிட வளையலை அடகு வைப்பதே மலிவு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்களோ மாதம் 4 விழுக்காடு வரை வாங்கலாம், அதற்கு மேல் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணமும் உண்டு. அங்கே போகக் கூடாது. ஆனால் இவை எதுவுமே தேவைப்படாத நிலைக்கு வீட்டைக் கொண்டுவருவதே நோக்கம்.

வருஷக் கணக்கை நிறுத்துவது எப்படி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். கடந்த 12 மாத வங்கி அறிக்கைகள், அட்டை அறிக்கைகள், கைத்தொலைபேசிவழி அனுப்பிய பேநவ் பரிமாற்றங்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். நினைவை நம்பாதீர்கள். கல்யாண மொய்யும் கோயில் நன்கொடையும் நினைவில் நிற்காது, பேநவ்வில்தான் கிடைக்கும். மாதாமாதம் வராத ஒவ்வொரு செலவையும் மாதம், பெயர், தொகை என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். சென்ற வருஷம் வராவிட்டாலும் அடுத்த ஆறேழு வருஷத்துக்குள் நிச்சயம் வரும் பொருள்களையும் சேர்க்க வேண்டும். துணிதுவைக்கும் இயந்திரம், குளிர்பதனப்பெட்டி, தண்ணீர் சூடேற்றி, மெத்தை. விலையை எதிர்பார்க்கும் ஆயுளால் வகுத்து அந்தப் பங்கை மட்டும் எழுதுங்கள். 900 வெள்ளி இயந்திரம் ஒன்பது வருஷம் ஓடும் என்றால் வருஷத்துக்கு 100.

பட்டியல் முடிந்ததும் கூட்டி 12ஆல் வகுங்கள். அந்தத் தொகைக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும், அதுதான் வருஷக் கணக்கு. சேமிப்புக் கணக்கிலேயே மனக்கணக்காகப் பிரித்து வைப்பது வேலைக்கு ஆகாது. இருப்பு 9,000 என்று திரை காட்டும்போது அதில் 5,000 டிசம்பருக்கு என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை. கணக்குத் தொடங்கும்போது குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையைப் பாருங்கள். பல கணக்குகளில் சராசரி இருப்பு குறைந்தால் மாதக் கட்டணம் பிடிப்பார்கள். இந்தக் கணக்கோ டிசம்பர் முடிவில் காலியாவதற்கென்றே இருப்பது, அதனால் அந்த நிபந்தனை இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஏடிஎம் அட்டை வாங்காதீர்கள்.

சம்பளம் வரும் தேதிகள் வேறாக இருந்தால், இரண்டில் பிந்தியதற்கு ஓரிரு நாள் கழித்துத் தானியங்கிப் பரிமாற்றத்தை வையுங்கள். ஒருவருக்கு 25ஆம் தேதி, மற்றவருக்கு மாதக் கடைசி நாள் என்றால் 2ஆம் தேதி பாதுகாப்பானது. வங்கி தானாகக் கழித்துக் கட்டும் ஜைரோ பிடித்தங்கள் எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் போகின்றன என்பதையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். பரிமாற்றம் முந்திக்கொண்டு ஜைரோ திரும்பினால் கட்டணம் கட்ட நேரும்.

பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்துவிடவும் முடியும். வருமான வரியை ஜைரோவில் போட்டால் மே முதல் ஏப்ரல் வரை 12 தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம். 1,200 வெள்ளி மாதம் 100 ஆகிவிடும். சொத்து வரிக்கும் அதே ஏற்பாடு உண்டு. காப்புறுதியில் மட்டும் எதிர்த்திசை. மாதாமாதம் கட்டினால் பெரும்பாலான நிறுவனங்களில் வருஷத் தொகை சற்றுக் கூடும். வருஷக் கணக்கில் பணம் இருக்கும் வீடு ஒரே தடவையில் கட்டி அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கலாம்.

முதல் வருஷத்துப் பள்ளம்

பலரும் இதைச் செய்யத் தொடங்கி, நாலாவது மாதத்தில் கைவிடுகிறார்கள். காரணம் ஒழுக்கக் குறைவு என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. 12ஆல் வகுத்த தொகை, 12 மாதமும் சேர்த்தவருக்குத்தான் போதும். ஜூலையில் தொடங்குகிறவருக்குப் போதாது.

இதே குடும்பம் ஜூலையில் 1,340 வீதம் போடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் குளிரூட்டிக்கும் ஒரு பிறந்தநாளுக்கும் 390 போக 950 இருக்கும். ஆகஸ்டில் 1,340 சேர்ந்து 2,290. எடுக்க வேண்டியது 3,800. கணக்கில் 1,510 பள்ளம். செப்டம்பரில் 900 செலவு, பள்ளம் 1,070. அக்டோபரில் 1,290 செலவு, பள்ளம் 1,020. நவம்பரில் 900 செலவு, பள்ளம் 580. சரியாகிவிடும் போலத் தோன்றும்போது டிசம்பரில் 2,700 போய், பள்ளம் 1,940. திட்டம் சரி, தொடங்கிய மாதம்தான் இந்தப் பள்ளத்தை உண்டாக்கியது.

எனவே தொடங்கும் முன் இதேபோல் மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்து, எந்த மாதத்தில் பள்ளம் மிக ஆழம் என்று கண்டுபிடியுங்கள். அந்தத் தொகையை முதல் நாளே கணக்கில் போட வேண்டும். இங்கே 2,000 வெள்ளி. இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்தாலும் பாதகமில்லை, அது எப்படியும் அந்த ஆறு மாதத்துக்குள் கரையப்போகும் பணம்தான். சேமிப்பே இல்லையென்றால் ஜனவரியில் தொடங்குங்கள், முன்பாதி இலேசாக இருப்பதால் கணக்கு தானாக மேலெழும். அல்லது அந்த ஒரு வருஷத்துக்கு ஊர்ப்பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். “ஏங்க, இந்த வருஷம் நாலு பேரும் போகணுமா?” என்ற கேள்வியைப் பட்டியல் எழுதும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். நவம்பரில் கேட்டால் அது சண்டையில்தான் முடியும், சீட்டும் அதற்குள் வாங்கியாகியிருக்கும்.

முதல் நாளே போட வேண்டிய இந்த விதைப்பணத்துக்கு இன்னொரு வழி அரசாங்கத்தின் பற்றுச்சீட்டுகள். 2025இல் ஒரு குடும்பத்துக்கு சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டாக ஜனவரியில் 300, மே மாதத்தில் 500 கிடைத்தது. நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு அந்த ஆண்டு 21 முதல் 59 வயது வரையுள்ள சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 600 கிடைத்தது. கணவனும் மனைவியும் குடிமக்களாக இருந்தால் மொத்தம் 2,000. அதைக் கூடுதல் வரவாக நினைத்து வழக்கத்தில் வாங்காததை வாங்கினால் சுவடு தெரியாமல் போகும். வழக்கமான மளிகையைப் பற்றுச்சீட்டில் வாங்கிவிட்டு, திட்டத்தில் மளிகைக்கென்று ஒதுக்கியிருந்த அதே தொகையை அன்றே வருஷக் கணக்குக்கு மாற்றுங்கள். 80 வெள்ளிக்கு ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் பற்றுச்சீட்டு கொடுத்தால் 80 வெள்ளி அங்கிருந்து இங்கே. யு-சேவ் தள்ளுபடியிலும் இப்படியே: ரசீதில் குறைந்த தொகையை வருஷக் கணக்குக்கு அனுப்புங்கள்.

கணக்கில் வராத இரண்டு

சேமநிதியிலிருந்து போகும் வீட்டுத் தவணை யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை, கையை விட்டுப் போகாத பணம் என்பதால். ஆனால் அது சம்பளத்தோடு கட்டப்பட்டது. முதலாளியின் பங்கும் சேர்வதால், 35 தாண்டி 45 வயது வரை சம்பளத்தில் 21 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குச் சேர்கிறது. 9,300 சம்பளத்துக்கு மாதம் 1,953. தவணை 1,500 தாராளமாகப் போகிறது. மனைவி வேலையை விட்டால் சேர்வது 1,155 மட்டும். மாதம் 345 குறையும். சாதாரணக் கணக்கில் இருப்பு இருக்கும்வரை தெரியாது, தீர்ந்ததும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வீவக கடன் எடுக்கும்போது ஒவ்வொருவரும் 20,000 வெள்ளி வரை சாதாரணக் கணக்கில் விட்டுவைக்க அனுமதி உண்டு. முன்பணத்தைக் கூட்டிக் கடனைக் குறைக்கும் ஆசையில் அதையும் துடைத்தெடுக்கிறவர்கள் உண்டு. 1,500 தவணைக்கு அந்த 20,000 பதின்மூன்று மாதம் தாங்கும். வட்டிக் கணக்கில் மிச்சம் பிடிப்பதைவிட அந்தத் தாங்குதல் பெரிது என்பது என் துணிபு. அவசர நிதிக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவு வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கணக்கிடும்போது இந்தத் தவணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஊருக்கு அனுப்பும் பணம். மாதம் 600 என்று திட்டத்தில் எழுதிவிடுகிறோம். அது வழக்கமான பணம். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தால் போகும் பணம் வேறு. மதுரையிலோ தஞ்சாவூரிலோ உள்ள ஆஸ்பத்திரிக்கு நமது சேமநிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவ் உதவாது. மறுநாள் காலை விமானத்துக்கு அன்றைய விலையில் சீட்டு வாங்க வேண்டும். தேதியும் தொகையும் தெரியாததால் இதை வருஷக் கணக்கில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. அவசர நிதியில் இதற்கென்று தனிப் பங்கு இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அவசர விமானச் சீட்டும் ஆஸ்பத்திரியில் கட்டும் முன்பணமும் ஒரே நாளில் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அவசர நிதியின் மீதியைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் மீட்கலாம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2 வெள்ளி. மீட்ட பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும் என்பதால் முழுவதையும் அங்கே பூட்டிவிடக் கூடாது.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகை வாங்குவதைச் சேமிப்பு வரியில் எழுதும் வீடுகள் அதிகம். 3,000 வெள்ளி பெறுமான தங்கத்துக்குச் செய்கூலி 300 என்றால், 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 3,597 கட்டுகிறோம். விற்கப் போனால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும். போட்டு மகிழ வாங்குங்கள், அதில் தப்பே இல்லை, ஆனால் வருஷச் செலவுப் பட்டியலில் எழுதுங்கள்.

யார் எவ்வளவு போடுவது என்பதில் நியாயமாகப்படுவது சம்பள விகிதம். 4,391க்கும் 3,033க்கும் இடையே அது ஏறத்தாழ 59க்கு 41. 1,340இல் கணவர் 790, மனைவி 550. “வாடகை மாதிரி பெரிசெல்லாம் நான், சில்லறையெல்லாம் நீ” என்று பிரித்துக்கொள்ளும் வீடுகளில் சில்லறை என்ற தலைப்பில் மளிகை, பிள்ளைகள், பண்டிகை, பிறந்தநாள் எல்லாம் ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. அது ஏறுகிற வேகமும் அதிகம். கடன் தவணை மாறாமல் நிற்க, காய்கறி விலை வருஷந்தோறும் ஏறுகிறது. குறைவான சம்பளம் வாங்குகிறவரின் அட்டையில்தான் முதலில் பாக்கி நிற்கத் தொடங்கும், அதை வெளியே சொல்லக் கூச்சமும் இருக்கும்.

நவம்பர் கடைசியில் பட்டியலை மறுபடி எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் ஆன தொகையை எழுதுங்கள். 10 விழுக்காட்டுக்குமேல் விலகிய வரிகளை மட்டும் திருத்தினால் போதும். எந்த வரியில் காரணம் விலை, எந்த வரியில் காரணம் நாம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலிருந்து நின்றாலோ, பெரியவன் உயர்நிலைப்பள்ளிக்குப் போனாலோ மாதத் தொகையும் வருஷத் தொகையும் இரண்டுமே மாறும். ஜனவரி 2ஆம் தேதிக்குள் புதிய தொகையைத் தானியங்கிப் பரிமாற்றத்தில் மாற்றிவிடுங்கள். டிசம்பர் செலவெல்லாம் முடிந்தபின் வருஷக் கணக்கில் ஏதாவது நின்றால் அதைச் சேமிப்புக்கு மாற்றாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் கணவரின் காப்புறுதிச் சந்தா 1,200 அங்கிருந்துதான் போக வேண்டும்.